ராமருக்குத் தம்பி

மலாய் நாட்டில், சாஆக் கடைத்தெருவிலிருந்து ஒன்பதாவது மைல் கல்லை ஒட்டியிருந்த ரப்பர்த் தோட்டத்தை அதன் ஆங்கிலப் பெயரால் யாரும் அழைத்ததில்லை. ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்பதே அதற்கு வழங்கிய பெயர். அங்கே மரப்பட்டையை வெட்டிப் பால் எடுப்பவர்களுள் வெள்ளையம்மா என்றொருத்தி இருந்தாள். 1931ஆம் ஆண்டில் அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சரியான கணக்கு அவளுக்கே தெரியாது. கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது. கணவன் மட்டும் பத்தாண்டுகளாக இல்லை.

அவன் இறந்துவிட்டான் என்று சொன்னவர் எவருமில்லை. உயிரோடிருக்கிறான் என்று சொன்னவரும் இல்லை.

பத்தாண்டுகளுக்கு முன்பும், இப்போது போலவே, ரப்பர் விலை விழுந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை என்று துரை உத்தரவு போட்டார். மாசி மாதக் கடைசியில் ஒரு காலை வேளையில் அவள் கணவன் வேட்டியையும் துண்டையும் நான்காக மடித்து, நடுவில் சீப்பை வைத்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"உலு திராம் பக்கம் ஆள் எடுக்குறாங்களாம். பாத்துட்டு வந்துடுறேன்" என்றான்.

"எப்ப வருவீங்க?"

"கங்காணிக்கிட்ட எட்டு நாள் சொல்லியிருக்கேன். ஒம்பதாம் நாள் பெரட்டுல நிப்பேன்."

பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்து ஆட்கள் அனைவரும் வரிசையில் நின்று, தத்தம் பெயர் கூப்பிடப்படும்போது குரல் கொடுக்கும் வழக்கம். குரல் கொடுத்தவனுக்கு அன்று வேலை உண்டு. குரல் வராத பெயரை, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாம் முறைக்குப் பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

ஒன்பதாம் நாள் செல்லப்பன் கங்காணி அவன் பெயரைக் கூப்பிட்டார். பெண்கள் வரிசையில் நின்ற வெள்ளையம்மா சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடும்போது அவர் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. எங்கோ ஒரு வாளியின் பிடி ‘கிளிங்’ என்றது. அன்று மாலையே அவன் பெயருக்கு நேராக ‘ஓடிப்போனவன்’ என்று எழுதப்பட்டது.

அந்த மூன்று அழைப்புகளும் அவளைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பெரட்டின் முடிவிலும், கடைசிப் பெயர் கூப்பிடப்பட்டு ஆட்கள் கலையும் முன், சிறிது இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அவளுக்கு அவன் பெயர் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது முடிந்து பின்னால் நிற்பவளின் வாளி முழங்காலில் இடிக்கும் வரை அவள் கால் நகராது. "சாமி கும்பிட்டாச்சா, போலாமா?" என்று பக்கத்து வீட்டு அங்கம்மா கேலி செய்வாள். அவள் ஏன் நிற்கிறாள் என்பது அங்கம்மாவுக்குத் தெரியாது.

மகன் ஐயாசாமி தகப்பன் போனபோது பத்து வயதுப் பையன். இப்போது இருபது வயது. பால் உறைந்த தகடுகளை விறகுப் புகையில் உலர்த்தும், ஆட்கள் பொகக்கூண்டு என்னும் புகைக்கூடத்தில் நெருப்புக் காப்பது அவன் வேலை. தணல் அதிகமானால் தகடு உருகும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கதவைத் திறந்து முகத்தில் படும் சூட்டை வைத்தே இன்னும் எத்தனை கட்டை வேண்டும் என்று சொல்லிவிடுவான். அவன் உடம்பிலிருந்து எப்போதும் புகை வாடை வீசும். அந்த வாடை வீட்டுக்குள் வந்தால்தான் வெள்ளையம்மாவுக்கு மூச்சு சீராகும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், விளக்கு வெளிச்சத்தில் கிராணி கனகசபை பெயர்ப்பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எட்டாண்டுகளுக்கு முன்புதான் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். புகைக்கூடத்து ஆட்கள் ஐவர். நான்கு பெயர்களைப் படித்தார். அடுத்துக் களை எடுக்கும் பெண்களின் பட்டியலுக்குப் போய்விட்டார்.

"ஐயா, என் பேரு?" என்று ஐயாசாமி கேட்டான்.

கிராணி பட்டியலிலிருந்து தலையை உயர்த்தவில்லை. செல்லப்பன் கங்காணிதான் பதில் சொன்னார். "ஒரு ஆளைக் கொறைக்கச் சொல்லிட்டாரு துரை. நீ கடைசியா சேந்தவன். ஒதுங்கி நில்லு தம்பி."

அன்று பெரட்டு முடிந்தபோது வெள்ளையம்மாவுக்கு வழக்கமான மூன்று அழைப்புகளும் கேட்டன. வரிசைக்கு வெளியே தனியாக நின்ற மகனை அவள் பார்த்தாள். பத்தாண்டுகளுக்கு முன் பெயர் கூப்பிடப்பட்டது, ஆள் இல்லை. இன்று ஆள் நிற்கிறான், பெயர் கூப்பிடப்படவில்லை. இரண்டுக்கும் என்ன வேற்றுமை என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்று அவள் வெட்டிய மரங்களில் பாதிக்கு மேல் பட்டையில் காயம் விழுந்திருந்தது.

அடுத்த நாட்களில் ஐயாசாமி, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகிறவர்கள் அவனைக் கடந்துதான் போகவேண்டும்.

"என்னப்பா, தொரை மாதிரி வெயில் ஏறுனப்புறம்தான் கோப்பியா?" என்றான் ஒருவன்.

"ஆமாண்ணே, தொரைசாணிதான் இன்னும் வந்து சேரலை" என்று அவனும் சிரித்தான். அவர்கள் போனபின் சிரிப்பு நின்றுவிடும். அது நிற்பதைத் தாய் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

ஒரு மாலை செல்லப்பன் கங்காணி வந்தார். "இங்க பாரு ஐயாசாமி, வேலை இல்லாதவங்களைச் சும்மாவே கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்புறாங்க. பேர் குடுத்துடு. ஊர் போய்ச் சேரு."

"எந்த ஊருக்குக் கங்காணி? நான் பொறந்தது இந்த லயத்துல ஆறாம் நம்பர் வீட்டுல."

"அப்பன் ஊருக்கு."

"அப்பனே அங்க போகலியே."

 கங்காணி வெள்ளையம்மாவைப் பார்க்காமலே எழுந்து போனார்.

மறுநாள் அவள் மரம் வெட்டிவிட்டுத் திரும்பியபோது, ஐயாசாமி பாயின்மேல் வேட்டியையும் துண்டையும் விரித்து நான்காக மடித்துக்கொண்டிருந்தான். நடுவில் சீப்பை வைத்தான். அதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தகப்பன் மடித்ததை அவன் பார்த்திருந்தானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உலு திராம் பக்கம் ரெண்டு தோட்டத்துல பொகக்கூண்டு இருக்காம்மா. பாத்துட்டு வந்துடுறேன்."

அவள் கைவாளி நழுவிப் படியில் உருண்டது.

"என்னம்மா?"

"அங்க வேணாம்."

"வேற எங்க போறது? இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்துலயும் கேட்டாச்சு. உன் சோத்தைத் தின்னுட்டுப் படியில குந்தியிருக்கச் சொல்றியா?"

"குந்தியிரு. நான் வெட்டிப் போடுறேன்."

"ஆள் கொறைக்கிறது என்னோட நிக்குமாம்மா? நாளைக்கு உன் பேரையும் விட்டுட்டா?"

 எவ்வளவு யோசித்தும் ஒரு வழிதான் தோன்றியது. "ரெண்டு வாரம் பொறு. கிராணி ஐயாக்கிட்டச் சொல்லி அந்தத் தோட்டத்துக்குக் கடுதாசி எழுதச் சொல்றேன். நீ யாரு, யாரு மகன், எங்கருந்து வர்றேன்னு அவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். பதில் வந்தப்புறம் போ." மடித்த துணியைப் பிரித்து அவளே கொடியில் போட்டாள்.

மறுநாள் பிற்பகல், பால் நிறுத்து முடிந்தபின், அவள் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு கிராணியின் ஆபீசுக்குப் போனாள். அதில் நான்கு காகிதங்கள் இருந்தன.

அவற்றின் கதை இது. கணவன் போய் ஒன்றரை மாதம் ஆனபின், சித்திரை மாதத்தில், அவள் யாரிடமும் சொல்லாமல் ஆயர் ஈத்தாம் சந்திக்குப் போனாள். ஓடிப்போனவனின் மனைவி என்ற பெயரை வைத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசில் உதவி கேட்க அவளுக்குத் துணிவில்லை. மகனை அங்கம்மாவிடம் விட்டுவிட்டு, பாதி தூரம் மாட்டுவண்டியிலும் பாதி தூரம் நடந்தும் போனாள். சந்தியில் ஒரு மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுபவர் ஒருவர் இருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டு, உலு திராம் பக்கத்துத் தோட்டங்கள் மூன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். ஒரு நகலை அவளுக்குக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி போனபோது மூன்று பதில்கள் வந்திருந்தன. "அப்படி ஒரு ஆள் இல்லைங்கிறாங்கம்மா, மூணு எடத்துலயும்" என்று சொல்லி அவற்றை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அந்தத் தோட்டங்களின் முகவரி அந்தக் காகிதங்களில் இருக்கும் என்பதால்தான் அவள் டின்னைக் கொண்டுவந்தாள்.

கனகசபை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நகலைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது ஆரைத் தேடி எழுதினது?"

"எங்க வீட்டுக்காரரைத் தேடிங்கையா."

"இதில பரதன் எண்டெல்லோ கிடக்கு. ஆர் இந்தப் பரதன்?"

வெள்ளையம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆள், பேர் பரதன், வயது முப்பத்திரண்டு, உயரமான ஆள், இடது புருவத்தில தழும்பு. இப்பிடித்தான் எழுதியிருக்கு. உன்ரை புருசன்ரை பேர் பரதனோ?"

"இல்லைங்க."

"அப்ப ஏன் அந்தாள் பரதன் எண்டு எழுதினவர்?"

அவளுக்கு அந்த மரத்தடி நினைவுக்கு வந்தது. எழுதுபவர் பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் கேட்டார்: "புருசன் பேரு?" அவள், "சொல்லக் கூடாதுங்க" என்றாள். கணவன் பெயரை மனைவி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும். ஆயுள் குறையக் கூடாத வேளை அல்லவா அது. "சொல்லாம எப்படிம்மா எழுதுறது? குறிப்பாவது சொல்லு" என்றார் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ராமருக்குத் தம்பிங்க" என்றாள். அவர் புன்னகைத்துத் தலையசைத்து எழுதிக்கொண்டார். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவள் கட்டைவிரலை ஒற்றினாள்.

இராமனுக்குத் தம்பியர் மூவர் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். அந்த வேளையில் இருவருக்கும் ஒரே ஒரு தம்பிதான் நினைவுக்கு வந்தான். அந்த ஒருவன் இருவருக்கும் வேறாக இருந்தான்.

அவள் ஆபீசின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தாண்டுகளாக அவள் தேடியது இல்லாத ஒருவனை. இருந்தவனை யாரும் தேடவே இல்லை. அவன் பெயரை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. கூப்பிடாத பெயருக்கு யார் குரல் கொடுப்பார்கள்?

கனகசபை நகலை மடித்து டின்னுக்குள் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சொல்ல வேண்டாம். பழைய பட்டியல் அலுமாரியில கிடக்கு. நான் பாத்து எழுதுறன்" என்றார்.

"வேணாங்கையா. நானே சொல்றேன்."

சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.  இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பக்கத்தில் வந்து வந்து விலகிப்போன சொல் அது. "லெட்சுமணன்" என்றாள். தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. சுவரில் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் நிகழவில்லை.

"லெட்சுமணன் மகன் ஐயாசாமி" என்று முழுவதும் சொல்லி முடித்தாள். கிராணி மூன்று தோட்டங்களுக்கும் இரண்டிரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று மகனுக்கு வேலை கேட்டு. மற்றது தகப்பனை விசாரித்து.

அவற்றுள் ஒரு தோட்டத்திலிருந்து பதில் வரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. ஞாயிற்றுக்கிழமை கனகசபை இருவரையும் ஆபீசுக்கு அழைத்துவரச் சொன்னார். கடிதத்தை உடனே படிக்காமல், அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"புகைக்கூடத்தில வேலை இல்லையாம்" என்று தொடங்கினார். "மற்ற விசயம்... ஐயாசாமி, கொம்மாவைப் பிடிச்சுக்கொள். லெட்சுமணன் எண்ட பேரில ஒரு ஆள் 1921இல மார்ச் மாதம் அங்கை வந்திருக்கிறான். வந்து நாலாம் நாள் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில வைச்சிருந்திருக்கினம். மே மாதம் ஒன்பதாம் திகதி..." அவர் நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்தில புதைச்சிருக்காம்."

"எங்களுக்கு ஏன் சொல்லலை?" என்று ஐயாசாமி கேட்டான்.

"காய்ச்சலில கிடந்தவன் எந்தத் தோட்டம் எண்டு சரியாச் சொல்லேல்லை. சொந்தக்காரர் எண்டு ஒரு கட்டம் இருக்கு அவையின்ரை புத்தகத்தில. அதில ஒரு வரி எழுதியிருக்கினமாம்." கனகசபை கண்ணாடியைக் கழற்றினார். "‘தன் மனைவி வருவாள் என்று சொல்லுகிறான்.’ அவ்வளவுதான்."

அதற்கு அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் பரதன் என்பவனை விசாரித்து ஒரு கடிதம் வந்ததும், பட்டியலைப் பார்த்து அப்பெயரில் எவருமில்லை என்று பதில் அனுப்பியதும் அதே தோட்டத்துக் கோப்பில் இருந்தன.

வெள்ளையம்மா அழவில்லை. "சித்திரை முழுக்க உசுரோட இருந்திருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஐயாசாமி பாதையில் நின்றான். "என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா நான் சொல்லியிருப்பேனேம்மா. அப்பா பேரு எனக்குத் தெரியுமே." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வியப்புதான் இருந்தது. அதுவே அவளுக்கு அதிகமாக வலித்தது.

அன்று மாலை அவள் குங்குமத்தைத் தானே அழித்தாள். தாலியைக் கழற்றி அந்தப் பிஸ்கட் டின்னில் காகிதங்களோடு வைத்தாள். அங்கம்மா அழுதுகொண்டு ஓடிவந்தபோது, "பத்து வருசம் பிந்திட்டேன் அங்கம்மா, இன்னைக்கு அழுது என்ன" என்றாள்.

ஐயாசாமி அந்த வாரமே கிளம்பினான். இம்முறை அவளால் தடுக்க முடியவில்லை. "அப்பாவைப் பாத்துட்டு, அப்படியே வேலையும் தேடுறேன்" என்றான். கிராணி எழுதிக் கொடுத்த காகிதத்தில் அவன் பெயரும், தகப்பன் பெயரும், தோட்டத்தின் பெயரும் தெளிவாக இருந்தன. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன் ஆதலால் அவனுக்கே எழுதத் தெரியும்.

"எங்க போனாலும் ஒரு கார்டு போடு. என்ன எழுதுறியோ இல்லியோ, உன் பேரை எழுது. அப்பா பேரோட."

"வாரம் ஒண்ணு போடுறேம்மா."

மைல் கல்வரை அவள் கூடப் போனாள். அவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். தகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அவள் நினைத்துக்கொண்டாள். அதையே பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

முதல் கார்டு பத்தாம் நாள் வந்தது. பெரிய பெரிய எழுத்துகள். உலு திராமில் வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. மேடு எதுவும் தெரியவில்லை. நடுவில் நின்று அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இப்படிக்கு, லெட்சுமணன் மகன் ஐயாசாமி.

இரண்டாவது வாரம் கார்டு வரவில்லை. மூன்றாவது வாரமும் வரவில்லை. நான்காவது வாரத்தில் ஒரு பெரட்டின் முடிவில், ஆட்கள் கலையும் முன் விழுகின்ற அந்த இடைவெளியில், வெள்ளையம்மாவுக்கு வழக்கமான பெயர் கேட்கவில்லை. வேறொரு பெயர் கேட்டது. அதே குரல், அதே எரிச்சல். மகனின் பெயர். ஒன்று, இரண்டு. மூன்றாவது அழைப்பு வருமுன் அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வரிசையைவிட்டு ஓடினாள். மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று அங்கம்மா கேலி செய்யவில்லை.

ஆறாவது வாரம் கனகசபை அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கையில் ஒரு கார்டு இருந்தது.

"உனக்குத்தான் வந்திருக்கு. ஆனால்..." அவர் படித்தார். "‘நலம். வேலை கிடைத்திருக்கிறது. கவலை வேண்டாம். இப்படிக்கு, ஆசாமி.’ ஆர் இந்த ஆசாமி?"

அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மகனின் எழுத்து எவ்வளவு பெரிது என்பது தெரியும். இவை எறும்பு ஊர்ந்தது போன்ற சின்ன எழுத்துகள்.

"இது அவன் எழுதலைங்கையா."

"அதுதான் நானும் பாக்கிறன். ஆசாமி எண்டால் ஒருத்தன்ரை பேரில்லை. பேர் தெரியாத ஆளைத்தான் அப்பிடிச் சொல்லுறது." அவர் கார்டைத் திருப்பினார். "முத்திரை ஆயர் ஈத்தாம்."

பரதனைத் தேடிக் கடிதம் எழுதிய அதே ஊர். யாரோ இரக்கப்பட்டு எழுதிப்போட்ட கார்டாக இருக்கலாம். மகனிடம் இருந்த காகிதத்திலிருந்து முகவரியை எடுத்திருக்கலாம். அந்தக் காகிதம் இப்போது யார் சட்டைப்பையில் இருக்கிறதோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாஆவிலிருந்து பஸ் ஏறினாள். ஆயர் ஈத்தாம் சந்தியில் அந்த மரம் இல்லை. மனு எழுதுபவர் உட்கார்ந்த இடத்தில் பெட்ரோல் விற்கும் கடை வந்திருந்தது. அவள் அங்கே ஒரு கணம் நின்றாள். பிறகு கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"ஐயாசாமின்னு ஒரு பையன். லெட்சுமணன் மகன். ஒம்பதாங்கட்டைத் தோட்டம்." இம்முறை பெயரையே முதலில் சொன்னாள். குறிப்புச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழர், "பேர் தெரியாதும்மா. சீனன் சட்டிப்பானைச் சூளையில ஒரு தமிழாளு இருக்கான். அங்க கேட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டினார்.

சூளை ஊருக்கு வெளியே ஒரு சரிவில் படுத்த பாம்பைப்போல் நீளமாகக் கிடந்தது. மேல்முனையில் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. முற்றத்தில், மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் மண் மங்குகள் ஆயிரக்கணக்கில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. முதலாளியான சீனக் கிழவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார்.

"ஐயாசாமி" என்றாள் அவள். கையால் மகனின் உயரத்தைக் காட்டினாள்.

கிழவர் யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஐயாசாமி தாக் அடா" என்று கையை விரித்தார்.

இல்லை என்கிறார். தோட்டத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவளுக்கு அந்த அளவு மலாய் தெரியும். மூன்று தோட்டங்கள் ஆங்கிலத்தில் சொன்னதும் இதுதான். அப்படி ஒரு ஆள் இல்லை. அவள் திரும்பி இரண்டடி வைத்தாள்.

மூன்றாவது அடி வைக்கவில்லை. அன்று இல்லை என்று சொன்ன தோட்டத்தில் சித்திரை முழுவதும் ஒருவன் இருந்தான்.

அவள் சூளையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பெரட்டில் செல்லப்பன் கங்காணி நிற்பதுபோல் கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டாள்.

"ஐயாசாமி" என்று கூப்பிட்டாள்.

விறகு வெடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"ஐயாசாமி."

மங்குகளை அடுக்கிக்கொண்டிருந்த சீனப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். 

மூன்றாவது அழைப்புக்கு அவளிடம் குரல் மிச்சமில்லை என்று தோன்றியது. மூன்றாவதுக்குப் பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு அடுத்த பெயர் என்று ஒன்றில்லை. கண்களை மூடிக்கொண்டு, அந்தச் சரிவு முழுவதும் கேட்கும்படி, பெயர்களை முழுமையாகச் சொன்னாள்.

"லெட்சுமணன் மகன் ஐயாசாமி."

புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இருக்கேன்."

 அது கணவனின் குரல். பத்தாண்டுகளாக அவள் காத்திருந்த அதே குரல், அதே சொல், பெரட்டில் அவன் சொல்வதுபோலவே கடைசி எழுத்தைச் சற்று விழுங்கியபடி. மகன் ஒருநாளும் அவள் காதில் இப்படிப் பேசியதில்லை. யார் வருகிறார்கள் என்று தெரியாமல், முகம் தெரியும்வரை ஓரடியும் எடுத்து வைக்காமல் அவள் நின்றாள்.

சூளையின் பின்பக்கத்திலிருந்து கரி படிந்த ஓர் உருவம் வந்தது. வலது கையில் துணி சுற்றியிருந்தது. புருவத்தில் தழும்பு இல்லை.

"ஓ, ஆ சாமி" என்று கிழவர் சிரித்தார். சீன வழக்கப்படி, தம் ஆட்கள் எல்லாரையும் போலவே அவனையும் பெயருக்கு முன் ‘ஆ’ சேர்த்து அழைத்து வந்தவர் அவர். ஊரில் மற்றவர்களும் அப்படியே அழைத்தார்கள்.

"கை வெந்துடுச்சும்மா. எழுத முடியலை. கடைக்காரர் ஒருத்தரு, அவருக்குத் தெரிஞ்ச பேரைப் போட்டு எழுதிட்டாரு" என்று ஐயாசாமி மூச்சு வாங்கினான். "வேலை நம்ம பொகக்கூண்டு மாதிரிதான். நெருப்புப் பதம் பாக்குறது. என்னம்மா, ஏன் இப்படிப் பாக்குற?"

அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். கரி அவள் விரலில் ஒட்டியது. சூடாக இருந்தது.

"என்னைத்தானே கூப்பிட்ட?"

வெள்ளையம்மா அவனுக்குப் பின்னால் புகை எழும் இடத்தைப் பார்த்தாள். அங்கே வேறு யாரும் வரவில்லை.

"ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டேன்" என்றாள். "நீ வந்த."